கணினிக்குள் ஒரு கணினி

கற்பார்க்குப் பிழை நேர்தல் இயல்பு. பிழையின்றிக் கற்றார் உலகில் இலர். ஆனால், ஒரு பிழையால் கைப்பொருளும் கெடுமாயின், மீண்டும் முயலும் துணிவு பலர்க்கு வாராது.

1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதத் தொடங்கினார். இயங்குதளமாவது, கணினியின் உறுப்புகளை ஆட்சி செய்து, ஏனைய நிரல்களுக்கு இடமும் நேரமும் பகிர்ந்தளிக்கும் தலைமை நிரலாகும். ஒருநாள் அவர், மோடத்திற்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். அதில் அவர் வைத்திருந்த மினிக்ஸ் என்னும் இயங்குதளம் பாழாயிற்று. அவர் உளந்தளராது, தாம் எழுதிய லினக்ஸையே நம்பி மேற்சென்றார். எனினும், அவ்விழப்பைத் தாங்க எல்லோர்க்கும் இயலுமோ?

இக்காலத்தார்க்கு அவ்விடரைத் தவிர்க்க வழியுண்டு. அதுவே மெய்நிகர் கணினி. கணினியின் உறுப்புகளைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் அது. பிரான்சு நாட்டுப் பாப்ரிஸ் பெல்லார்ட் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட கியூஎமு அவ்வகையினது. அதற்கு ஒரு கோப்பே வன்தட்டாகும். அக்கோப்புக் கெடினும் மெய்யான தட்டுக்கு ஊறில்லை. முன்னரே எடுத்துவைத்த படியைக் கொண்டு நொடியில் மீளலாம்.

பிழையின் காரணம் காண்பதற்கும் அது துணைபுரியும். இயங்குதளத்தில் ஒரு பிழை நேர்ந்து, அதனைக் கையாளும் பகுதியிலும் பிழை நேர்ந்து, அதற்கும் மாற்று இல்லாதொழியின், மெய்க்கணினி மீண்டும் தொடங்கிவிடும். திரை இருளும், தடயமும் மறையும். மெய்நிகர் கணினியையோ அந்நிலையிலேயே நிறுத்திச் செயலியின் பதிவகங்களில் உள்ள மதிப்புகளை ஒவ்வொன்றாக ஆராயலாம்.

ஆயினும், இதனை முற்றும் நம்புதல் தகாது. மெய்நிகர் கணினியின் நினைவகம் தொடக்கத்தில் பெரும்பாலும் சுழியங்களாகவே இருக்கும். மெய்க்கணினியில் எம்மதிப்பும் இருக்கக்கூடும். ஆதலின், தொடக்க மதிப்பை இட மறந்த நிரல், இங்கே செவ்வனே ஓடி, அங்கே இடறி விழும்.

குளத்தில் நீந்தப் பழகியவன் ஆற்றிலும் இறங்கிப் பார்த்தல் வேண்டும். மெய்நிகர் கணினியில் அஞ்சாது பிழைசெய்து திருத்துக. பின்னர், பழைய கணினி ஒன்றில் இயக்கி உண்மை தெளிக. இழப்பின்றிக் கற்க இடம் கிடைத்த பின்னும் முயலாதிருத்தலே பேரிழப்பாகும்.