துறையூருக்குத் துபாய் எவ்வளவு தூரம்?

பச்சைமலை அடிவாரத்துத் துறையூருக்குக் கடல் எந்தப் பக்கமும் அருகில் இல்லை. ஆயினும் பிள்ளையைக் கடல் கடந்து சஃபருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்கள் இந்தப் பக்கத்திலும் உண்டு.

அன்பு வாசகர்களே! பூகோள உருண்டையில் திருச்சியை மையமாக வைத்து ஒரு நூலால் அளந்து பாருங்கள். கிழக்கே சிங்கப்பூர் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர்; மேற்கே துபாய் ஏறத்தாழ 2,940. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், நீங்கள் புலிவலம், மண்ணச்சநல்லூர் வழியாகப் பேருந்தில் திருச்சி போய்ச் சேரும் தூரம்தான்! எந்தத் திசையில் பறந்தாலும் விமானப் பயணம் சுமார் 4 மணி நேரம்.

பயணச்சீட்டு வேறு கதை சொல்லும். அதில் அச்சாகியிருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். காலை 8 மணிக்குப் புறப்பட்டவர் துபாயில் இறங்கும்போது அங்கே 10.30, சிங்கப்பூரிலோ பிற்பகல் 2.30. துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். சிங்கப்பூர் 1982-ஆம் ஆண்டுப் பிறப்பில் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தது. சூரியன் அதற்கு இசையுமா? அங்கே மஃரிபு பாங்கு ஏழு மணியளவில் ஒலிப்பது அதனால்தான்.

முன்பு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலும் பின்னர் 'சிதம்பரம்' கப்பலும் ஏற்றிச் சென்ற காலத்தில் மலாயாக் கரையைத் தொடப் பல நாட்கள் ஆகும். 1985-இல் தீவிபத்தோடு 'சிதம்பரத்தின்' பயணமும் முடிந்தது. அந்நாளில் பெற்றவர் மவுத்தானால் அக்கரையிலுள்ள மகனுக்காக எவரும் காத்திருக்கவில்லை, காத்திருக்க வழியுமில்லை. இன்று "நாலு மணி நேரம்தானே, வந்துவிடுவான்" என்று ஜனாஸாவை நிறுத்தி வைக்கும் பேச்சு எழுகிறது.

அந்தக் கணக்கைச் சற்றுப் போட்டுப் பாருங்கள். சுப்ஹுக்குப் பின் 5.30-க்குச் செய்தி போகிறது. துபாயில் அப்போது 4 மணி. விடுப்புக் கேட்க வேண்டும், சீட்டு வாங்க வேண்டும், 3 மணி நேரம் முன்னதாக விமான நிலையம் சேர வேண்டும். அங்கே 9 மணிக்கு ஒரு விமானம் இருந்து, அதில் இடமும் கிடைத்தால், திருச்சியில் இறங்கும்போது நமக்குப் பிற்பகல் 2.30. சோதனைகள் முடிந்து வெளியேற ஒரு மணி. காவிரியும் கொள்ளிடமும் தாண்டி ஊர் சேர இன்னும் ஒன்றரை மணி. எல்லாம் கைகூடியும் மாலை 5 மணி! அன்று இரவு விமானம்தான் என்றால், மறுநாள் காலைக்கு முன் அவர் வாசலை மிதிக்க முடியாது.

ஆகவே கபுருக்குழி வெட்ட ஆள் அனுப்புமுன் மகனிடம் "வருகிறாயா?" என்று மட்டும் கேளாதீர்கள். "எத்தனை மணி விமானம், சீட்டு கையில் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள்.