நிலாவும் நம்ம ஊர்ப் பட்டறையும்



"கணக்குல நாப்பத்தொண்ணு! நீ ராக்கெட் விடப்போறியா?" அரையாண்டுத் தேர்வுத் தாள் கொடுத்த அன்று நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குப் போய்த்தான் அழுதேன்.

எங்கள் அக்கா பத்தாவதோடு நின்று நூல் மில்லுக்குப் போகிறாள். அடுத்து நான் என்று வீட்டில் பேச்சு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பிச்சி ஊர் பரமத்தி வேலூர் பக்கம். பக்கத்தில் சித்தம்பூண்டி என்ற கிராமம். அங்கே வெளுத்த பாறையாகக் கிடக்கும். "ஒண்ணும் வெளையாத பூமி கண்ணு" என்பார் அப்பிச்சி. அந்தப் பாறைக்குப் பெயர் அனார்த்தசைட். நிலாவின் மேட்டு நிலமும் அதே வகைப் பாறைதான்! சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் இங்கேயே சோதித்துப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலா மண் மாதிரியே மண் வேண்டியிருந்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் அந்தப் பாறையைக் கண்டு சொன்னார்கள். பாறையைப் பொடியாக்கி, 2012 முதல் சுமார் 50 டன் போயிருக்கிறது. 2019 செப்டம்பரில் விக்ரம் நிலாவில் மோதி உடைந்தது. இஸ்ரோ விடவில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது.

யோசித்துப் பாருங்கள். பாறையைக் கண்டுபிடிக்க ஒருவர், உடைக்க ஒருவர், லாரி ஓட்ட ஒருவர். விஞ்ஞானி மட்டும் போதுமா?

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். இஸ்ரோவில் பத்தாவதுடன் ஐ.டி.ஐ. முடித்தவர்களை டெக்னீஷியனாக எடுக்கிறார்களாம். ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் எல்லாம் உண்டு. பாலிடெக்னிக் டிப்ளமோ படித்தால் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் ஐயா விழுப்புரத்துக்காரர். அவரும் முதலில் டிப்ளமோ படித்தவர்தான். குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். இனி வேலை நம்ம தமிழ்நாட்டிலேயே கூடும்.

எங்கள் அப்பா நாமக்கல்லில் டேங்கர் லாரி கட்டும் பட்டறையில் வெல்டர். ராத்திரி சோறு உண்ணும்போது கேட்டேன்.

"ஏனுங்கப்பா, வெல்டிங்ல ஊசி ஓட்டை இருந்தா என்னாகும்?"

"கசியும் அம்மிணி. அதான் காத்தடிச்சு, சோப்புத் தண்ணி பூசிப் பாப்போம். முட்டை விட்டா மறுபடி பத்த வெக்கோணும்."

"ராக்கெட் டேங்கையும் அப்படித்தானுங்க பாக்கறாங்க. எக்ஸ்ரே எடுத்து, ஹீலியம் வாயு அடைச்சு, கசியுதான்னு பாப்பாங்களாம்."

அப்பா சோற்றில் கை வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். "அப்ப அங்கயும் வெல்டர் இருக்கானா?" என்றார்.

"இருக்காங்க. பொண்ணுங்களும் ஐ.டி.ஐ. படிக்கலாமுங்க. நான் மில்லுக்குப் போகலீங்கப்பா."

அம்மா ஒன்றும் பேசவில்லை. அக்கா மட்டும் என் காலைத் தொட்டு அழுத்தினாள். அப்பா கை கழுவிவிட்டு வந்து, "மொதல்ல பத்து முடி. பாக்கலாம்" என்றார். இதுவரை "வேண்டாம்" என்றுதான் சொல்லியிருக்கிறார். "பாக்கலாம்" என்றது இதுதான் முதல் தடவை.

தோழிகளே, ஐ.டி.ஐ. என்றால் படிப்பு வராதவர்கள் போகிற இடம் என்று இனிமேல் சொல்லாதீர்கள். அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கிற கை, பொறுமையாகச் சோதிக்கிற கண், தப்பு என்றால் மறைக்காமல் சொல்கிற வாய், இவையும் நிலாவுக்குப் போகத் தேவை. கணக்கும் தேவைதான்! முழு ஆண்டில் அறுபது வாங்குவேன். அப்போதும் சிரியுங்கள், நானும் சிரிக்கிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி