மேனுவல் சொன்னதும் வயர் சொன்னதும்

கருவிகளோடு பேசும் புரோகிராம் எழுதுவது என் தொழில். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுவேன். கேஎல் சென்ட்ரலில் கொமூட்டர் ஏறி, கிள்ளானுக்குப் போய் ஓட்டிப் பார்ப்பேன். அங்கே குளிர்கிடங்குகளில் நான் பார்த்த கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் பேசுவது மோட்பஸ். 1979இல் மோடிகான் கம்பெனி வெளியிட்ட பழைய பாஷை. இலக்கணம் சின்னதுதான். தகராறெல்லாம் ஒவ்வொரு கருவியோடும் வரும் மேனுவலில்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு என் முதல் பெரிய தவற்றைச் சொல்கிறேன்.

எட்டு அறைகள் உள்ள கிடங்கு. முதல் அறையின் வெப்பநிலை 40011, அறைக்கு இரண்டு ரெஜிஸ்டர், ஃப்ளோட் என்று மேனுவலில் போட்டிருந்தது. இரண்டில் எது எண்ணின் முன்பாதி, எது பின்பாதி என்ற பேச்சே இல்லை. நான் 11 என்று முகவரி போட்டுக் கேட்டேன். திரையில் மைனஸ் 18.0. கன்ட்ரோலர் முகப்பிலும் அதே எண். ஏழு அறைகளும் இப்படியே ஒத்துப்போயின. எட்டாவது அறைக்கு மட்டும் 83 02 வந்தது. அப்படி ஒரு முகவரியே இல்லை என்ற மறுப்பு. எட்டாவது சென்சார் கெட்டுவிட்டது என்று ரிப்போர்ட் எழுதினேன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் அதைப் படித்துவிட்டு, "சென்சார் செத்தா எண் தப்பா வரும். முகவரி எப்படித் தம்பி தொலையும்?" என்றார். பிறகு இரண்டாவது அறைக்குள் போனார். கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தக் குளிரில் சென்சாரை வெறுங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது அறையின் எண் ஏறியது. கூடவே, யாரும் தொடாத முதல் அறையின் கடைசி இலக்கமும் ஆடியது: 18.0, 18.1, மறுபடி 18.0.

வெளியே வந்ததும் பதினாறு ரெஜிஸ்டரையும் ஒரே கேள்வியில் வாங்கி, பேப்பரில் எழுதச் சொன்னார். மேனுவலில் 40001 என்பது வயரில் பூஜ்யம். ஆக 40011 என்பது 10. நான் ஒன்று தள்ளிக் கேட்டிருக்கிறேன். கருவியோ பின்பாதியை முதலில் அனுப்புகிறது. மைனஸ் 18-இன் முன்பாதியான சி1 90 இரண்டாவது இடத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று மூடிவிட்டன. ஒவ்வொரு அறைக்கும் அதன் முன்பாதியையும் பக்கத்து அறையின் பின்பாதியையும் ஒட்டிப் படித்திருக்கிறேன். பின்பாதியால் வரும் வித்தியாசம் அரைக்கால் டிகிரிக்குள்தான், அதனால் கண்ணில் படவில்லை. எட்டாவது அறைக்குக் கடன் கொடுக்கப் பக்கத்து அறை இல்லை.

"சரியான விடை வந்தா போதாது தம்பி. ஏன் வந்துச்சுன்னு பைட் பைட்டாச் சொல்லத் தெரியணும்."

இன்னொரு பாடம் மோடத்தில் கிடைத்தது. ஒரு தடவை சாக்கெட்டைப் படித்தால் ஒரு முழுப் பதில் வந்துவிடும் என்று எழுதியிருந்தேன். ஆபீசில் ஓடியது, கிள்ளானில் 4ஜி வழியாக வந்தபோது பதில் துண்டு துண்டாக வந்து புரோகிராம் விழுந்தது. மோட்பஸ் டிசிபியில் முதலில் ஆறு பைட் வாங்குங்கள். அதில் கடைசி இரண்டும் மீதி நீளத்தைச் சொல்லும். அத்தனையும் கைக்கு வரும்வரை பொறுங்கள், டைம்-அவுட்டும் வையுங்கள்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அனுப்பிய பைட், வந்த பைட், முகப்பில் தெரிந்த எண், தேதி எல்லாம் அதில் இருக்கும். மேனுவல் விட்டதை அடுத்து வருகிறவர் அதில் படித்துக்கொள்ளலாம்.

இன்றும் புதுக் கிடங்குக்குப் போனால் ஒருவரை உள்ளே அனுப்பி, ஒரு சென்சாரைப் பொத்திப் பிடிக்கச் சொல்கிறேன். அந்த எண் ஏறுவதை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். அதற்குப் பிறகு என் கண் மற்ற அறைகளின் எண்கள் மேல்தான்.