தகரம் பிறக்கும் இடம்

ஐதராபாத்தில் ஒலியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அந்த மாணவரின் பெயர் தகரத்தில் தொடங்குகிறது. இளமை முதலே அவருக்குத் திக்குவாய். நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தத் தகரம் பிறக்கும் என்று முதுகலை மாணவர்களுக்கு விளக்கத் தெரிந்தவர், தம் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அதே எழுத்தில் நின்றுவிடுவார். கருத்தரங்குகளில் அறிமுகச் சுற்று தம்மை நெருங்கும்போது, தேநீருக்குச் செல்பவர்போல் எழுந்து வெளியேறிவிடுவது அவர் வழக்கம்.

சென்ற ஆண்டு அவர் கிளாரினெட் கற்கத் தொடங்கினார். வாய் திறந்து பேசாமல் ஒலி எழுப்பலாம் என்பதே ஈர்ப்பு. ஆசிரியர் செகந்திராபாத் தமிழர். ராணுவ பேண்டில் வாசித்து ஓய்வு பெற்றவர். நீண்ட சுரங்கள் சில வாரங்களில் கைவந்தன. ஆனால் ஒரே சுரத்தை நான்காகப் பிரித்து வாசிக்கச் சொன்னபோது, விட்டு வந்ததாக அவர் நினைத்த இடர் அங்கும் எதிர்ப்பட்டது. ஒவ்வொரு முறையும் மூச்சை நிறுத்தினார், தொண்டையை இறுக்கினார், நாக்கை ரீடின்மீது அறைந்தார். ஒலி கீச்சிட்டது, அல்லது வரவேயில்லை.

“தம்பி, நாக்கால அடிக்கிறீங்க. நாக்கு சத்தம் போடாது, காத்துதான் போடும்” என்றார் ஆசிரியர். பின்கட்டுக் குழாயைத் திறந்து, விழும் நீரின் குறுக்கே விரலை வீசிக் காட்டினார். “தண்ணி நின்னுச்சா? வெட்டுப்பட்டுச்சு, அவ்வளவுதான்.”

கிளாரினெட்டின் ஒற்றை ரீட், நாணல் வகைத் தண்டிலிருந்து சீவப்படுவது. காற்றின் அழுத்தத்தில் அது அதிர்வதால் ஒலி பிறக்கிறது. நாக்கின் நுனி ரீடின் முனையருகே மெல்லத் தொட்டால் அதிர்வு அடங்கும். வாய்க்குள் அழுத்தம் அப்படியே நிற்கும். நாக்கு விலகிய கணத்தில் ரீட் மீண்டும் அதிரும். ஆகவே சுரம் தொடங்குவது நாக்கு தொடும்போது அன்று, விடும்போது. ‘தூ’ என்று சொல்வதாக எண்ணிக்கொள்ளும்படி ஆசிரியர்கள் சொல்வதுண்டு. நாகசுரத்தில் இதையொத்த நுட்பத்துக்குத் துத்துகாரம் என்றே பெயர்.

இதில் புதிய செய்தி ஏதும் அவருக்கு இருந்திருக்கக் கூடாது. வல்லெழுத்து என்பது அடைப்பும் அழுத்தமும் விடுவிப்பும் சேர்ந்ததே என்பது ஒலியியலின் முதற்பாடம். தொல்காப்பியப் பிறப்பியலும் உந்தியிலிருந்து எழும் காற்றை முதலில் வைத்து, நாவையும் பல்லையும் அதன்பின் கூறுகிறது. பலமுறை பாடம் சொன்ன அந்த வரிசையைத் தம் வாயில் அவர் தலைகீழாக்கி வைத்திருந்தார்: முதலில் நாக்கு, பிறகு அச்சம், கடைசியில் மூச்சு.

மெட்ரோநோமை நிமிடத்துக்கு 60 அடி என வைத்து, நீண்ட ஒரே மூச்சில் நான்கு அடிக்கு ஒருமுறை மட்டும் நாக்கால் தொட்டார். பின்னர் இரண்டுக்கு ஒன்று. பின்னர் அடிக்கு ஒன்று. மூன்று மாதங்களில் சுரங்கள் சீராகப் பிரிந்தன.

திக்குவாய் தீரவில்லை. கிளாரினெட் அதற்கு மருந்தும் அன்று. அண்மையில் ஒரு கருத்தரங்கில் அவர் எழுந்து போகாமல் அமர்ந்திருந்தார். முறை வந்தது, தகரம் வழக்கம்போல் நின்றது. இம்முறை அவர் அதை முட்டித் தள்ளவில்லை. நாக்கைத் தளர்த்தி, மூச்சு வரக் காத்திருந்தார். அதற்குள் அமர்வுத் தலைவர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, அன்போடுதான், அவர் பெயரைச் சொல்லி முடித்துவிட்டார். அவை அடுத்தவரை நோக்கித் திரும்பியது. மாணவர் கையை உயர்த்தி அவையை நிறுத்தி, தம் பெயரைத் தாமே சொன்னார். அது இரண்டு துண்டுகளாக வந்தது.

வகுப்பிலும் வாய்மொழித் தேர்விலும் ஒருவர் ஒரு சொல்லில் நிற்கும்போது, அதை நாம் முடித்து வைப்பது உதவி ஆகாது. அவருக்கு வேண்டியது சில நொடிகளே.