பின்வளவு

கொழும்பை விட்டு வந்த தமிழர் நாலு பேர் ரொறன்ரோவில் ஒன்றுகூடினால், பேச்சு எப்படியும் 1983 தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் போய்விடும். காலி வீதி, ரயில் பாதைக்கு அப்பால் கடல், அம்மம்மா கைச் சாப்பாடு. எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் நான் ஏங்குவது முழு வீட்டுக்கும் இல்லை, குசினிக்குப் பின்னால் கிடந்த வளவுக்கு. சிரட்டையில் மண்சோறு ஆக்கி, நித்தியகல்யாணிப் பூவில் மாலை கட்டி, மச்சாள்மாரோடு நான் விளையாடிய இடம் அது. “ஆம்பிளைப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை?” என்று ஒரு மாமா கேட்ட நாளோடு அது முடிந்தது. அவர் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. நான்தான் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ நாவலைக் கனடாவில் படித்தபோது அந்த வளவு அப்படியே எழுந்து வந்தது. 1965இல் கொழும்பில் தமிழ்த் தகப்பனுக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்து, கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு இங்கே வந்தவர் அவர். ஆறு கதைகளால் ஆன நாவல், 1994இல் வெளிவந்தது.

முதல் கதையை எத்தனை முறை படித்தாலும் சிரிப்பு வரும். மாதத்தில் ஒரு ஞாயிறு பேரப்பிள்ளைகள் எல்லோரையும் அம்மாச்சி வீட்டில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் போய்விடுவார்கள். வீட்டுக்கு முன்னால் பையன்களின் கிரிக்கெட், பின்னால் பெண்பிள்ளைகளின் கல்யாண விளையாட்டு. சிறுவன் ஆர்ஜிக்குப் பின்பக்கம்தான் உலகம். அங்கே பொம்பிளை அவன்தான். மாப்பிள்ளைக்கு அந்த விளையாட்டில் மதிப்பே கிடையாது, யாரும் விரும்பாத வேஷம் அது. முன்பக்கத்திலோ ஓர் அணிக்குத் தலைவி மீனா என்கிற பெண்பிள்ளை. அதை எந்தப் பெரியவரும் கண்டுகொள்ளவில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய தனுஜா பொம்பிளை வேஷத்துக்கு உரிமை கோரியதும் போர் மூள்கிறது. அரசிகளைக் கூப்பிடும் தோரணையில் அவளுடைய பருமனுக்கு ஆர்ஜி ஒரு பட்டம் சூட்டுகிறான். குழந்தைகளுக்கே உரிய அந்தக் குரூரமும் கம்பீரமும் சேர்ந்த குரலை எழுதுவது சுலபமில்லை. அவன் வெட்கப்படவே இல்லை. யாருக்குச் சேலை அழகாக நிற்கும் என்பதுதான் அவன் கவலை.

வெட்கம் வெளியிலிருந்து வருகிறது. மாமி ஒருத்தி சேலையோடு அவனை இழுத்துக்கொண்டு போய்ப் பெரியவர்கள் நடுவே நிறுத்துகிறாள். அவர்கள் சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு, அம்மா உடுத்துவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் பாக்கியமும் போய்விடுகிறது. கதவு சாத்தப்படுகிறது. ஏனென்று கேட்டால் அவளிடமும் பதில் இல்லை.

1983 ஜூலையில் இந்தக் குடும்பத்தின் வீடு எரிகிறது. அம்மாச்சியும், அப்பாச்சி என்று நாவல் அழைக்கும் தாத்தாவும் காரோடு எரிக்கப்படுகிறார்கள். மிஞ்சியவர்கள் கனடாவுக்குப் புறப்படுகிறார்கள். நம்மவர்கள் இதை அகதிகளின் நாவல் என்று சொல்வதற்கு அதுவே போதும். என் வாசிப்பில் ஆர்ஜி இரண்டு தடவை அகதியாகிறான். முதல் தடவை காடையர் யாரும் வரவில்லை. சொந்தக்காரர்களே பின்வளவிலிருந்து முன்வாசலுக்குத் துரத்தினார்கள். ஊர் எரிவதற்கு முன்பே அவன் ஊரை இழந்துவிட்டான். என் கதையும் அதுதான். ஆணை நேசிக்கும் ஆண் நான் என்று எனக்கே சொல்லிக்கொள்ள, ஒரு சமுத்திரத்தைத் தாண்டி வரவேண்டியிருந்தது.

ஆர்ஜி அதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொள்கிறான். பள்ளி நாட்களின் மேன்மையைப் பாடும் இரண்டு ஆங்கிலக் கவிதைகளை அமைச்சர் முன்னால் ஒப்புவிக்க அதிபர் அவனைப் பழக்குகிறார். அந்த அதிபர் நிலைத்தால்தான் தமிழ் மாணவருக்குப் பாதுகாப்பு என்று தமிழ் ஆசிரியர் எடுத்துச் சொல்கிறார். அவன் நேசிக்கும் சிங்களப் பையன் ஷெஹானோ அதே அதிபரிடம் வதைபடுகிறான். மேடையேறிய ஆர்ஜி வரிகளை வேண்டுமென்றே குழப்பி, அந்தக் கவிதைகளை வைத்து அதிபர் எழுதிவைத்த பேச்சையே குலைத்துவிடுகிறான். இனத்துக்கும் நேசத்துக்கும் நடுவே அவன் எடுத்த அந்த முடிவு எனக்குச் சரியென்றே படுகிறது.

2020இல் தீபா மேத்தா இதைப் படமாக்கினார். அதில் கேட்ட தமிழ் நம்மில் பலரை நோகவைத்தது, நியாயமான நோவு. ஆனால் நாவலின் குறும்பு ஆர்ஜி தன் வாயால் கதை சொல்வதில் இருக்கிறது. அதற்குப் புத்தகத்தைத்தான் திறக்கவேண்டும்.

கொழும்பு ஞாயிறுகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்களே, யார் எந்தப் பக்கம் விளையாடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தப் புத்தகத்தை வாங்கி, அவர்கள் கைக்கு எட்டுகிற தட்டில் வையுங்கள்.