எலியின் காலநீட்டிப்பு

ஆய்வேட்டை ஒப்படைக்கக் காலநீட்டிப்புக் கோராத முனைவர் பட்ட மாணவர் அரிது. அக்கலையில் நமக்கு மூத்தவை எலிகள்.

பெண்ணெலி, ஈன்ற ஒரு நாளுக்குள்ளேயே மீண்டும் சூல்கொள்ள வல்லது. சூற்காலம் ஏறத்தாழ 22 நாள். குட்டிகள் பால்மறக்க மூன்று வாரம். ஆகவே ஓர் ஈற்றுக்குப் பாலூட்டிக்கொண்டே அடுத்த ஈற்றைச் சுமக்கிறது. இரட்டைச் சுமை தாயை வருத்தாதா? அதற்கும் வழியுண்டு. பாலுண்ணும் குட்டிகள் மிகுந்திருப்பின், புதிய கருக்கள் கருப்பையில் பதியாமல், வளர்ச்சியை நிறுத்திச் சில நாள் காத்திருக்கின்றன. பாலூட்டும் கொறிவிலங்குகளில் இத்தாமதத்தைப் பிரெஞ்சு விலங்கியலாளர் ஃபெர்னான் லதாஸ்த் 1891இல் விவரித்தார். நெறியாளர் கையொப்பமோ மூன்று படிகளோ இல்லாமலே நீட்டிப்புக் கிடைத்துவிடுகிறது!

நான் வாழும் தாபோடியில் பவனா ஆறு முளாவுடன் கலக்கிறது. மழைக்காலத்தில் கரையோர வளைகளில் நீர் புகுந்தால் எலிகள் தெருவுக்கு ஏறிவருகின்றன. ஆண்டுதோறும் நஞ்சு வைக்கிறோம். குப்பையை அப்படியே விட்டுவைக்கிறோம். எஞ்சிய எலிகளுக்கு அது விருந்து. இத்தகைய இனப்பெருக்கத்திற்குக் கடிவாளம் உணவே என்பதை மறந்துவிடுகிறோம்.

மறந்தால் என்னவாகும் என்பதற்கு மிசோரம் சான்று. அங்கே ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துக் காய்த்து மடிகிறது. அதன் கனிகளைத் தின்று எலிகள் பெருகுகின்றன. கனி தீர்ந்ததும் வயல்களுக்குள் இறங்குகின்றன. மிசோக்கள் இதனை 'மௌதாம்', அதாவது மூங்கிற்சாவு, என்பர். 1911இல் கண்டதை நினைவில் வைத்திருந்தோர், 1958இல் பஞ்சம் வருமென எச்சரித்தனர். மிசோ மாவட்டக் கவுன்சில் முன்கூட்டியே உதவி கோரியது. அசாம் அரசு அதனைப் பழங்குடியினரின் மூடநம்பிக்கையெனப் புறந்தள்ளியது. பஞ்சம் வந்தது. துயர்துடைக்கத் தோன்றிய மிசோ தேசியப் பஞ்ச முன்னணி, 1961இல் 'பஞ்சம்' என்ற சொல்லைக் கைவிட்டு அரசியல் கட்சியாயிற்று. 1966இல் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. அமைதி உடன்பாடு 1986இல்தான் எட்டப்பட்டது.

அடுத்த மௌதாமின்போது அரசு எலிவாலுக்கு விலை கொடுத்தது. வால்கள் குவிந்தன, பயிரும் அழிந்தது.

எலிவாலை எண்ணுவது எளிது. மூங்கில் பூத்த ஆண்டை எண்ணி வைத்திருந்த முதியோரின் கணக்கே அறிவியலுக்கு நெருக்கமானது. அந்தக் கணக்குக்குச் செவிகொடுக்காததன் விலையை இரண்டு தலைமுறைகள் செலுத்தின.