பழக்கிய யானை

1984 டிசம்பரில் எடுத்த ஒரு கறுப்புவெள்ளைப் புகைப்படம் என்னிடம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு யானை முகாம். யானைமேல் நான், என் மனைவி, எங்களுக்கு நடுவில் நான்கு வயதுப் பையன். மூவரும் சிரிக்கிறோம். கழுத்தில் உட்கார்ந்திருக்கும் பாகன் சிரிக்கவில்லை. சென்ற மாதம் இந்தப் படத்தைப் பார்த்த பேத்தி, தானும் ஏற வேண்டும் என்றாள். பையன் குடும்பத்துடன் தாய்லாந்து போக ஏற்பாடு செய்திருந்தான். பயணத் திட்டத்தில் அரைமணி நேர யானைச் சவாரியும் இருந்தது. 'ஏத்தலாமாப்பா? நீங்க என்ன சொல்றீங்க?' என்று கேட்டான். கூடாது என்ற பதில் என்னிடம் தயாராக இருந்தது. ஆனால் படம் மேஜைமேல் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு அந்தப் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று ஒரு மர மேடைமேல் ஏறி நின்றுதான் யானை முதுகுக்கு மாறினோம். முதுகில் வைக்கோல் திணித்த கித்தான் மெத்தை. அதன்மேல் இரும்புச் சட்டமும் பலகையும். வயிற்றைச் சுற்றி ஒரு கயிறு. இன்னொரு கயிறு, சட்டம் முன்னால் சரியாமலிருக்க, வாலுக்கு அடியில் போய்த் திரும்பியது. அந்த இடத்தில் தோல் தேய்ந்து ரோஸ் நிறமாக வழுவழுத்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். மேலே போனதும் அது என் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. யானைமேல் இருப்பவனுக்கு யானையைத் தவிர மற்றதெல்லாம் தெரியும்.

பையன் பயந்தான். அவனைச் சமாதானப்படுத்த, 'பழகின யானைதானே அண்ணே?' என்று பாகனிடம் கேட்டேன். அவர் திரும்பாமலே சொன்னார்: 'பழக்கின யானைங்க சார். குழியில எடுத்தது, எங்கப்பா காலத்துல. பழகுச்சா இல்லையான்னு அதுக்குத்தான் தெரியும்.'

நான் சிரித்தேன். மலைவாசியின் குறும்பு என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது என்ன என்பது பல வருஷங்களுக்குப் பிறகே உறைத்தது.

பழகுதல் தன்வினை. பழக்குதல் பிறவினை. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். மாடும் நாயும் பல ஆயிரம் வருஷங்களில், தலைமுறை தலைமுறையாக மனிதன் தேர்ந்து பெருக்கியதால், பிறக்கும்போதே ஓரளவு நம்மிடம் பழகியவை. யானை அப்படியல்ல. ஒவ்வொரு யானையும் காட்டு யானைதான். ஒவ்வொன்றையும் முதலிலிருந்து பழக்கியாக வேண்டும். குழியில் விழுந்ததைக் கும்கிகள் இருபுறமும் நெருக்கி இழுத்து வரும். பிறகு பருத்த மரங்களாலான கரால். அதற்குள் பசி, அங்குசம், ஒரே சொல் திரும்பத் திரும்ப. சொல்லுக்கு அடங்கிய பிறகு வெல்லம், கரும்பு. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டிலேயே, பாசறையில் இளைஞர்கள் ஒரு கையில் அங்குசத்துடன், யானைக்கு வட சொற்களைச் சொல்லிக் கவளம் ஊட்டப் பார்க்கிறார்கள். அன்று எங்கள் பாகன் சொன்ன கட்டளைச் சொல்லும் தமிழாக இல்லை. மொழி நம்முடையதா இல்லையா என்பது யானைக்குப் பொருட்டில்லை. இரண்டு கைகளும் அதற்குத் தெரியும்.

சவாரியைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் எடையைப் பற்றியவை. யானையின் முதுகெலும்பு முனைகள் மேல்நோக்கி நிற்பவை, நடுமுதுகில் பாரம் கூடாது, இத்தனை பேருக்கு மேல் ஏறக்கூடாது, இரும்புச் சட்டத்தை எடுத்துவிடலாம், கழுத்தில் மட்டும் உட்காரலாம். இவையெல்லாம் உண்மை, வேண்டியவையும்கூட. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சௌகரியம் இருப்பதாக எனக்குப் படுகிறது. மூவர் இருவராவதும், மெத்தை கனமாவதும் போதும், மனசாட்சி இறங்கிப் போய்விடும். நாம் இறங்க வேண்டியதில்லை. என்னை அன்று பயமில்லாமல் உட்கார வைத்தது யானையின் சாந்தம். அந்தச் சாந்தம் கராலில் உண்டாக்கப்பட்டது. என் எடையைப் பாதியாக்கினாலும் அது கராலுக்கு முன்னால் போய் நிற்காது.

ஆனைமலையில் டாப் ஸ்லிப் என்று ஓர் இடம். மேலிருந்து தேக்கு மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டதால் வந்த பெயர். அந்த மலைகளில் மரம் இழுத்தவை யானைகள். மரம் வெட்டுவது ஓய்ந்த பின் அவற்றின் முதுகில் நாங்கள் ஏறினோம். தாய்லாந்தில் 1989இல் காடுகளில் மரம் வெட்டத் தடை வந்தது. வேலையிழந்த யானைகளும் பாகர்களும் நகரத் தெருக்களுக்கும் சுற்றுலா முகாம்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். மரக்கட்டை போன இடத்தில் டூரிஸ்ட். யானையின் பக்கத்திலிருந்து பார்த்தால் சுமை மாறியது, அவ்வளவுதான். ஆனால் மரக்கட்டை யானையை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

இதோடு நிறுத்திவிட்டால் நான் யோக்கியனாகிவிடுவேன். அந்தப் பாகனை என்ன செய்வது? அவருடைய குடிசை, சம்பளம், பையனின் படிப்பு எல்லாம் அந்த முதுகில்தான் இருந்தன. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1977இல் யானை அதன் முதல் அட்டவணைக்குப் போனது. ஏற்கெனவே பிடிபட்டவை பிடிபட்டவையே. பல வருஷம் கட்டிப்போட்டதைத் திடீரென்று காட்டில் விடுவது அவ்வளவு சுலபமில்லை. அது மனிதனுக்கு அஞ்சாமல் ஊருக்கு வரும். ஏறுபவன் வராவிட்டால் கவளம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியைப் பாகன் கேட்டால், டிக்கெட் வாங்கிய நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

அவர் சொன்ன இன்னொன்றும் ஞாபகமிருக்கிறது. இரவில் யானையைக் காலில் நீளச் சங்கிலியுடன் காட்டில் மேய விடுவார்களாம். காட்டுக் கொம்பனுடன் சேரும். முகாமில் பிறக்கும் சில குட்டிகளுக்கு அப்பன் காட்டில் இருப்பான். விடிந்ததும், மண்ணில் சங்கிலி இழுபட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் அழைத்து வருவார்கள். 'தேடுறது கஷ்டமில்லைங்க சார். அதுவே வழி போட்டுட்டுப் போயிருக்கும்.'

நான் போன முகாமில் இப்போது சவாரி இல்லை. கேழ்வரகும் கொள்ளும் உருட்டித் தருவதைத் தள்ளி நின்று பார்க்கலாம். இது மேல் என்றுதான் நினைக்கிறேன். சங்கிலி இருக்கிறது.

பையனிடம் வேண்டாம் என்று சொன்னேன். காரணம் கேட்டபோது எலும்பைப் பற்றியும் எடையைப் பற்றியும்தான் பேசினேன். அது சுலபமாக இருந்தது. அவன் அந்த அரைமணி நேரத்தை நீக்கச் சொல்லிவிட்டான். பணம் திரும்ப வராது என்றார்களாம். அந்த நேரத்துக்கு வேறு யாராவது ஏறியிருப்பார்கள்.

பேத்தி படத்தைக் கையில் எடுத்து வந்தாள். 'நீ மட்டும் ஏறின, தாத்தா?'

'ஏறினேன்மா. ஏறியிருக்கக் கூடாது.'

'யானை வேணாம்னு சொல்லிச்சா?'

இல்லை என்றேன். அதைச் சொல்லவிடாமல் செய்வதற்குப் பெயர்தான் பழக்குவது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. படத்தை வாங்கி மேஜைமேல் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.